வீட்டுல இருந்து வேலை பாக்குறவங்களுக்கு டைம்ஷீட் எப்படி போடுறது, அதுல எதை சேக்கக் கூடாது

போன வாரம் தேவகோட்டையில இருந்து தெரிஞ்ச தம்பி ஒருத்தர் போன் பண்ணாப்ல. எட்டு பேர வச்சு புதுசா மெடிக்கல் பில்லிங் ஆரம்பிக்கப் போறாப்லயாம், நாலு பேரு ஆபீஸ்ல, நாலு பேரு வீட்டுல. "அக்கா, வீட்டுல இருக்குறவங்க வேலை பாக்குறாங்களான்னு பாக்க எந்த சாஃப்ட்வேர் நல்லா இருக்கும்"னு கேட்டாப்ல. அரை மணி நேரம் பேசியும் முழுசா சொல்ல முடியல, அதான் உக்காந்து எழுதுறேன், அவருக்கு மட்டும் இல்ல, இந்தப் பக்கம் சின்னதா ஆபீஸ் வச்சிருக்குற எல்லாருக்கும் உதவும்னு.

நாங்க காரைக்குடி செக்காலை ரோட்டு பக்கம் ஒரு மாடியில இருக்கோம். இங்கிலாந்துல இருக்குற கஃபே, பிளம்பிங் கம்பெனி, சின்னக் கடைங்க, இவங்களுக்கெல்லாம் கணக்கு எழுதிக் குடுக்குற வேலை. மொத்தம் 16 பேரு. ஆறு பேரு தினம் ஆபீஸ் வருவாங்க, மிச்ச பத்து பேரு தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல்னு அவங்கவங்க வீட்டுல இருந்து பாக்குறாங்க, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஆபீஸ். கிளையன்ட் கிட்ட மணிக்கணக்குல காசு வாங்குறதால டைம்ஷீட் இல்லாம எங்களுக்கு ஒரு நாள் கூட ஓடாது. அதனால நேரத்தைக் கணக்கு வைக்காதீங்கன்னு சொல்ல வரல, கண்டிப்பா வைங்க. ஆனா ஆளப் பாக்குறதுக்காக வைக்காதீங்க, வேலையப் பாக்குறதுக்காக வைங்க. கீழ சொல்றது எல்லாமே இதுல இருந்து வர்றதுதான்.

முதல்ல மூணு விஷயத்தையும் தனித்தனியா பிரிச்சுக்கங்க

அட்டெண்டன்ஸ் வேற, டைம்ஷீட் வேற, ப்ரொடக்டிவிட்டி வேற. இத ஒன்னா குழப்பிக்கிறதுலதான் பாதி சண்டை வருது.

அட்டெண்டன்ஸ்ங்கிறது இன்னைக்கு ஆள் வேலைக்கு வந்தாச்சா, லீவா, அரை நாளான்னு தெரிஞ்சுக்க, சம்பளம் போட. காலைல ஒரு தடவ குரூப்ல மெசேஜ் போட்டாலே முடிஞ்சுது, ஜோஹோ பீப்புள் மாதிரி ஏதாவது வச்சிருந்தா அதுல ஒரு செக்-இன். டைம்ஷீட்ங்கிறது எந்த கிளையன்ட்டோட எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போச்சுங்கிறது, பில் போடவும், அடுத்த தடவ இதே மாதிரி வேலை வந்தா ரேட் சொல்லவும். ப்ரொடக்டிவிட்டி இது ரெண்டுலயும் கிடைக்காது. வேலை முடிஞ்சுச்சா, தப்பில்லாம முடிஞ்சுச்சா, சொன்ன தேதிக்குப் போச்சா, இத வச்சுத்தான் அது தெரியும்.

ஒருத்தங்க எட்டு மணி நேரம் எழுதியிருக்காங்கன்னா எட்டு மணி நேரம் எழுதியிருக்காங்க, அவ்வளவுதான் அந்த நம்பர் சொல்லும். அதுக்கு மேல அத சொல்ல வைக்கப் பாத்தா ஆளுங்க நம்பர அழகாக்க ஆரம்பிச்சிருவாங்க, அப்புறம் பில் போடவும் அது உதவாது, ரேட் சொல்லவும் உதவாது.

அதனால சாஃப்ட்வேர் தேடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர எடுத்து, எதுக்காக நான் நேரம் எழுதச் சொல்றேன்னு ரெண்டு வரி எழுதுங்க. கிளையன்ட்டுக்கு பில் போடவா, வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு முன்கூட்டியே கணிக்கவா, இல்ல யாருக்கு வேலை அதிகமா போயிருச்சுன்னு பாக்கவா. மூணுல ஒன்னும் இல்ல, மாசத்துக்கு இவ்வளவுன்னு ஒரே தொகைதான் வாங்குறீங்க, வேலையும் சொன்ன தேதிக்கு முடிஞ்சுருதுன்னா, டைம்ஷீட்டே வேணாம்.

பர்மா கணக்குல இருந்து எடுத்துக்கிட்டது

எங்க ஐயாவோட அப்பச்சி பர்மாவுல ஒரு வட்டிக்கடையில அடுத்தாளா இருந்தவங்க. அந்தக் காலத்துல பெட்டியடிப் பையனா சேந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி கடைய நடத்துறதுன்னு ஒரு வரிசை உண்டு, சம்பளச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு கப்பல் ஏறுவாங்க, வழக்கமா மூணு வருஷம் ஒரு கணக்கு. முதலாளி இங்க செட்டிநாட்டுல ஏதோ ஒரு ஊர்ல முகப்புத் திண்ணையில இருப்பாரு. போன் கிடையாது, லெட்டர் போய் வரவே எத்தனையோ நாள். அப்படியிருந்தும் ரங்கூன், மோல்மீன், பினாங்குன்னு பல ஊர் கடைய இங்க இருந்தே நடத்தினாங்க.

எதை வச்சு நடத்தினாங்கன்னா, கணக்க வச்சு. அன்னன்னைக்கு நடந்தத அன்னன்னைக்கே எழுதி, பேரேட்டுல (லெட்ஜர்ல) ஏத்தி, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுத்து ஊருக்கு அனுப்புவாங்க. அந்த முறையில மூணு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை செஞ்சவங்களே எழுதினாங்க. எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரி தலைப்புல எழுதினதால, படிக்கிறவருக்கு எந்தக் கடையோட கணக்கும் புரிஞ்சுது. அன்னைக்கே எழுதினாங்க, வாரக் கடைசியில ஞாபகப்படுத்தி எழுதல. டைம்ஷீட் போடுறதுக்கும் இதுக்கு மேல பெரிய சூத்திரம் ஒன்னும் எனக்குத் தெரியாது. (அதுலயும் ஏமாத்து நடந்திருக்கும், இல்லேங்கல. ஆனா கணக்குல இருக்குற கோளாறு கணக்குலயே தெரிஞ்சுது.)

தலைப்பு போடுறது

பத்துக்கு மேல தலைப்பு வேணாம். நாங்க முதல்ல முப்பத்தி சொச்சம் வச்சிருந்தோம், எத எதுல எழுதுறதுன்னு யோசிக்கிறதுக்கே நேரம் போச்சு, கடைசியில எல்லாரும் "இதர வேலை"யில போட்டு முடிச்சுட்டாங்க. இப்ப இருக்குறது ஒன்பது: பில் என்ட்ரி, பேங்க் ரெக்கன்சிலியேஷன் (நம்ம கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒத்துப் பாக்குறது), வாட் ரிட்டர்ன் (நம்ம ஜிஎஸ்டி மாதிரி இங்கிலாந்து வரிக்கு), பேரோல் (சம்பளக் கணக்கு), கிளையன்ட் கால் மெயில், ரிவியூ, திருத்தம், கத்துக்கிறது, காத்திருப்பு.

இதுல கடைசி மூணும்தான் முக்கியம், பெரும்பாலான ஆபீஸ்ல இந்த மூணையும் வைக்கவே மாட்டாங்க.

திருத்தம்னா ஒரு தடவ முடிச்சத மறுபடி செய்யுறது. தப்பு நம்ம பக்கமா, கிளையன்ட் குடுத்த பேப்பர்லயான்னு ஒரு வார்த்தை நோட்ஸ்ல எழுதச் சொல்லுங்க. இத தனியா வைக்கலன்னா ஒரு வேலை ஏன் ரெண்டு மடங்கு நேரம் எடுத்துச்சுன்னு எப்பவுமே தெரியாது, ஆள் ஸ்லோன்னு நினைச்சுருவீங்க.

கத்துக்கிறதுன்னா புது ஆளு பழைய ஃபைலப் படிக்கிறது, சீனியர் சொல்லித் தர்றது. இத எழுத இடம் இல்லேன்னா சீனியர் யாரும் சொல்லித் தர மாட்டாங்க, ஏன்னா அந்த நேரம் அவங்க கணக்குல ஓட்டையா தெரியும்.

காத்திருப்புன்னா கரண்ட் இல்ல, நெட் இல்ல, கிளையன்ட் பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பல, பாஸ்வேர்ட் லாக் ஆயிருச்சு, அப்ரூவல் வரல. இந்தத் தலைப்ப போட்டப்ப எங்க பார்ட்னரே பயந்தாங்க, எல்லாரும் இதுலயே எழுதிட்டு உக்காந்திருவாங்கன்னு. அப்படி ஒன்னும் நடக்கல. மூணாவது மாசம் எடுத்துப் பாத்தா காத்திருப்புல பெரிய பங்கு ரெண்டே ரெண்டு கிளையன்ட்டால வந்தது, மாசக் கடைசி ஸ்டேட்மென்ட்ட இருபதாந்தேதி வாக்குல அனுப்புறவங்க. அஞ்சாந்தேதிக்குள்ள வரலைன்னா அந்த மாச வேலை அடுத்த மாசத்துக்குப் போயிரும்னு மெயில் போட்டோம், அதுக்கப்புறம் ஒழுங்கா வருது. கேமரா வச்சு ஆளப் பாத்துக்கிட்டு இருந்தா இது தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது, அந்தப் பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்குறது மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.

எழுதுற முறை

ரெண்டு வாரம் சாதாரண ஷீட்லயே ஓட்டுங்க, காசு குடுத்து எதுவும் வாங்காதீங்க. தேதி, கிளையன்ட், தலைப்பு, எத்தனை நேரம், ஒரு வரி நோட்ஸ், அஞ்சு கட்டம் போதும். இந்த ரெண்டு வாரத்துல உங்க தலைப்பு எல்லாம் மாறும், மாறட்டும். அது நிலைச்ச பிறகு டாகிள், கிளாக்கிஃபை, ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் எதுக்கு வேணாலும் போங்க, எல்லாத்துலயும் டைமர், கையால எழுதுறது ரெண்டும் இருக்கு. விலையும் ஃப்ரீ பிளான்ல எத்தனை பேருங்கிறதும் அடிக்கடி மாறும், அன்னைக்கு அவங்க சைட்ல என்ன போட்டிருக்கோ அதப் பாத்து முடிவு பண்ணுங்க.

நேரத்த கால் மணிக் கணக்குல எழுதச் சொல்லுங்க. நிமிஷக் கணக்கு கேக்காதீங்க, யாராலயும் உண்மையா தர முடியாது, கேட்டா 47 நிமிஷம் 52 நிமிஷம்னு பாக்க துல்லியமா இருக்குற மாதிரி கற்பனையா ஒன்னு வரும். டைமர் ஓட விடுறவங்க ஓட விடட்டும், ஆனா டைமர நிறுத்த மறந்துட்டு சாப்பிடப் போறது எல்லாருக்கும் நடக்குறதுதான், அதனால திருத்துற உரிமைய அவங்ககிட்டயே குடுங்க. "எடிட் பண்ணா எனக்கு அலர்ட் வரும்"ங்கிற செட்டிங் சில சாஃப்ட்வேர்ல இருக்கு, அத ஆஃப் பண்ணிருங்க.

லேப்டாப்ப மூடுறதுக்கு முன்னாடி அன்னைக்கு உள்ளத எழுதிரணும், இதுல மட்டும் நான் கண்டிப்பு. வெள்ளிக்கிழமை உக்காந்து திங்கக்கிழமைய ஞாபகப்படுத்தி எழுதுற டைம்ஷீட்ட நம்பி கிளையன்ட்டுக்கு பில் அனுப்ப எனக்கு மனசு வராது. விட்டுப் போனதுக்கு அடுத்த திங்க காலைல 11 மணி வரைக்கும் டைம், அதுக்குப் பிறகு லாக்.

வெளிநாட்டு கிளையன்ட் வச்சிருக்கவங்களுக்கு ஒன்னு. சாஃப்ட்வேர்ல டைம் ஜோன் கொல்கத்தான்னு இருக்கான்னு ஒவ்வொருத்தர் அக்கவுன்ட்லயும் பாத்துருங்க. எங்களுக்கு ஒரு தடவ ரெண்டு பேரு அக்கவுன்ட் லண்டன் நேரத்துல இருந்து, நம்மூர்ல விடியக்காலம் சீக்கிரம் ஆரம்பிச்ச வேலை முந்தின நாள் தேதியில விழுந்து, மாசக் கடைசியில கணக்கு இடிச்சுது. இங்கிலாந்துல மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்த மாத்துவாங்க, வெயில் காலத்துல நமக்கும் அவங்களுக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்துல அஞ்சரை. அதனால எல்லாரும் ஒன்னா ஆன்லைன்ல இருக்க வேண்டிய நேரம்னு மதியம் 2.30ல இருந்து 6.30 வரைக்கும் வச்சிருக்கோம், வருஷம் பூரா அது மாறாது. மிச்ச நேரத்த அவங்கவங்க வீட்டு சௌகரியத்துக்கு விட்டுட்டோம், காலைல ஆறு மணிக்கே ஆரம்பிச்சு பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு திரும்ப உக்காருறவங்களும் இருக்காங்க.

ஸ்க்ரீன்ஷாட், கீபோர்ட் கணக்கு: வேணாம்

இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா அந்தத் தம்பி கேட்டது இதத்தான்.

ஹப்ஸ்டாஃப், டைம் டாக்டர் மாதிரி சாஃப்ட்வேர்ல ஸ்க்ரீன்ஷாட் எடுக்குற வசதி இருக்கு, ஹப்ஸ்டாஃப்ல பத்து நிமிஷத்துக்கு மூணு வரைக்கும் எடுக்கலாம். "ஆக்டிவிட்டி" இத்தனை பர்சென்ட்னு ஒரு நம்பரும் வரும். அந்த நம்பர் எப்படி வருதுன்னா, ட்ராக் ஆன நேரத்துல எத்தனை செகண்ட் கீபோர்டோ மவுஸோ அசைஞ்சுச்சுன்னு எண்ணி வகுக்குறது. அவ்வளவுதான். 40 பக்க வாடகை ஒப்பந்தத்த படிச்சுட்டு இதுல வாட் போடணுமா வேணாமான்னு யோசிக்கிற சீனியருக்கு அது அடிமட்டமா காட்டும், ஒரே பில்ல தப்புத் தப்பா நாலு தடவ அடிக்கிறவருக்கு பிரமாதமா காட்டும். கணக்கு வேலையில யோசிக்கிறதுக்குத்தான் கிளையன்ட் காசு குடுக்குறாங்க, விரல் அசைவுக்கு இல்ல.

அதோட, அசைவ எண்ண ஆரம்பிச்சா அசைவ விக்க ஆள் வந்துருவாங்க. மவுஸ தானா ஆட்டுற கருவி ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குது. அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க் 2024ல பத்துப் பேருக்கு மேல வேலைய விட்டு அனுப்புச்சு, கீபோர்ட் அசையுற மாதிரி போலியா காட்டினாங்கன்னு. மைக்ரோசாஃப்ட்டும் 2020ல ப்ரொடக்டிவிட்டி ஸ்கோர்னு ஒன்னு கொண்டு வந்து, ஆளு பேரோட அது தெரிஞ்சதுக்கு எதிர்ப்பு கிளம்பி, சில நாள்லயே பேரை எல்லாம் எடுத்துட்டாங்க. அவ்வளவு பெரிய கம்பெனிங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டத நம்ம எட்டு பேரு ஆபீஸ்ல மறுபடி பட வேண்டியதில்ல.

நான் காரைக்குடிக்கு வர்றதுக்கு முன்னாடி சென்னையில ஒரு கம்பெனியில வேலை பாத்தேன், லாக்டவுன் நேரத்துல எல்லார் லேப்டாப்லயும் ஸ்க்ரீன்ஷாட் சாஃப்ட்வேர் போட்டாங்க. எங்க டீம்ல அஞ்சு பேரு பொண்ணுங்க. அஞ்சு நிமிஷம் அசையலைன்னா மஞ்சள் கலர் ஆயிரும், ரெண்டு மஞ்சள் வந்தா போன் வரும். பாத்ரூம் போக பயந்துக்கிட்டு தண்ணி குடிக்கிறதயே குறைச்சுட்டாங்க, அதுல ஒரு பொண்ணுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போச்சு. ஒரு தடவ மீட்டிங்ல ஒருத்தரோட ஸ்க்ரீன்ஷாட்ட எடுத்துப் போட்டுக் காட்டினாங்க, ஓரத்துல அவங்க அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் திறந்திருந்துச்சு. அந்த நிமிஷம் அந்தப் பொண்ணு முகம் இன்னும் எனக்கு மறக்கல. என் ஆபீஸ்ல இது நடக்காதுன்னு முடிவு பண்ணது அன்னைக்குத்தான்.

சட்டமும் இருக்கு. தனிமனித ரகசியம் அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் 2017ல சொல்லிருச்சு. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, அதோட விதிகள் 2025 நவம்பர்ல வந்து படிப்படியா அமலுக்கு வருது. வேலை சம்பந்தமான காரணத்துக்கு ஆளுங்களோட தகவல எடுக்க அந்தச் சட்டத்தோட 7வது பிரிவுல வழி இருக்குறது உண்மைதான், அதுக்காக வீட்டு லேப்டாப்ல கண்ணுல படுறதெல்லாம் எடுத்துக்கலாம்னு நினைச்சுக்காதீங்க. எது எடுக்குறோம், எதுக்கு, எத்தனை நாள் வச்சிருப்போம், யாரு பாப்பாங்கன்னு ஒரு பக்கம் தமிழ்ல எழுதி எல்லாருக்கும் குடுத்துருங்க. நாங்க பில் சம்பந்தப்பட்ட மணிக்கணக்க மட்டும் கணக்கு ஃபைலோட வைக்கிறோம், நோட்ஸ் எல்லாம் ஒரு வருஷத்துல அழிச்சுருவோம்.

குறைச்சு எழுதுறவங்கள கவனிங்க

எல்லா முதலாளியும் பயப்படுறது ஆளுங்க கூட்டி எழுதிருவாங்கன்னு. இத்தனை வருஷத்துல நான் அதிகமாப் பாத்தது அதுக்கு நேர்மாறு, குறைச்சு எழுதுறது.

தேவகோட்டையில இருந்து வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி, சேந்து நாலு மாசம் இருக்கும். ஒரு கஃபே கிளையன்ட்டோட வாட் வேலைக்கு ஆறு மணி நேரம்னு போட்டிருந்தோம், கரெக்டா ஆறுன்னு எழுதியிருந்தா. ஆனா ஃபைல்ல கடைசி மாத்தம் நடந்த நேரம் ராத்திரி 11.40. நான் வேவு பாக்கப் போகல, ரிவியூ பண்ணும்போது கண்ணுல பட்டுச்சு. வியாழக்கிழமை ஆபீஸ் வந்தப்ப தனியா கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது நெசமா எத்தனை மணி நேரம்த்தா ஆச்சு?"

கொஞ்ச நேரம் பேசல. "பத்து ஆச்சுக்கா. ஆறுன்னு போட்டிருந்தீங்கல்ல, கூட எழுதினா எனக்கு வேலை தெரியலன்னு நினைச்சுருவீங்கன்னு..."

"அந்த ஆறு நான் தப்பாப் போட்டது. நீ ஆறுன்னே எழுதுனா அடுத்த தடவயும் ஆறுன்னே போடுவேன், நீ மறுபடி ராத்திரி முழிப்ப."

ஃபைல ரெண்டு பேரும் சேந்து பாத்தா, அந்த கஃபே புதுசா கார்ட் மெஷின் மாத்தியிருக்காங்க, தினக் கலெக்‌ஷன் கமிஷன் கழிச்சு மொத்தமா பேங்க்ல விழுது, ஒவ்வொன்னையும் பிரிச்சுப் போட வேண்டியிருந்துச்சு. அந்தப் பிள்ளையோட வேகத்துல ஒரு குறையும் இல்ல. கிளையன்ட் கிட்ட பேசி ரேட்ட ஏத்தினோம். ஆறுன்னு எழுதினத நம்பியிருந்தா எங்களுக்கு காசும் போயிருக்கும், அவளும் கொஞ்ச நாள்ல வேலைய விட்டுப் போயிருப்பா.

அதனால கணிப்பும் நிஜமும் ஒவ்வொரு தடவயும் கரெக்டா ஒத்துப் போற டைம்ஷீட்ட பாத்தா சந்தோஷப்படாதீங்க, கூப்பிட்டுப் பேசுங்க. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947 படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, ஓவர்டைம் சேத்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது, அந்த ஓவர்டைமுக்கு ரெண்டு பங்கு சம்பளம். வீட்டுல இருந்து பாத்தா இது பொருந்தாதுன்னு நினைச்சுக்கிட்டு பல பேரு ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் போடுறாங்க. உண்மையா எழுதினாத்தான் இந்த எல்லை தாண்டுறது உங்களுக்கே தெரியும்.

ப்ரொடக்டிவிட்டிய எப்படிப் பாக்குறது

வேலைக்கு ஏத்த மாதிரி ரெண்டு மூணு விஷயம் எடுத்துக்கங்க, அதுக்கு மேல வேணாம். எங்களுக்கு: சொன்ன தேதிக்குள்ள முடிஞ்ச ஃபைல் எத்தனை, ரிவியூல திரும்பி வந்தது எத்தனை, திருத்தத்துல போன நேரம் மொத்தத்துல எவ்வளவு பங்கு. இங்கிலாந்து வாட் ரிட்டர்ன் காலாண்டு முடிஞ்சு ஒரு மாசம் ஏழு நாளைக்குள்ள போகணும், மார்ச்ல முடியுற காலாண்டுன்னா மே 7. எங்களுக்குள்ள ஏப்ரல் 25னு ஒரு தேதி வச்சிருக்கோம், அதுக்குள்ள முடிஞ்சுதா இல்லையான்னு பாத்தாலே போதும், யாரு எத்தனை மணிக்கு உக்காந்தாங்கங்கிறது தேவையே இல்ல.

ஒரு மணி நேரத்துக்கு யாரு எத்தனை என்ட்ரி போட்டாங்கன்னு லிஸ்ட் போட்டு ஆள ஆளோட ஒப்பிடாதீங்க. ஒருத்தருக்கு கம்ப்யூட்டர்ல அடிச்ச பில்லு வரும், இன்னொருத்தருக்கு பிளம்பர் பாக்கெட்ல கசங்கின ரசீத போட்டோ எடுத்து அனுப்பியிருப்பாரு. ஒப்பிடணும்னா அதே கிளையன்ட்டோட போன காலாண்ட இந்தக் காலாண்டோட ஒப்பிடுங்க.

ஆபீஸ் வர்ற நாளு

வீட்டுல இருந்தா வேலை குறையுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. சீனாவுல சி-ட்ரிப்புங்கிற டிராவல் கம்பெனியில, ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் கூட இருந்து 2010-11 வாக்குல ஒன்பது மாசம் சோதனை பண்ணாங்க, கால் சென்டர் ஆளுங்க வீட்டுல இருந்து பாத்தப்ப வேலை 13 சதவீதம் கூடுச்சு. ஆனா அதே சோதனையில இன்னொன்னும் வெளிய வந்துச்சு, ஒரே அளவு வேலை காட்டினாலும் வீட்டுல இருந்தவங்களுக்கு ப்ரமோஷன் குறைவாத்தான் கிடைச்சுது. அதே கம்பெனியில பிறகு 1,612 பேர வச்சு வாரம் ரெண்டு நாள் வீடுன்னு பாத்தாங்க, 2024ல அந்த முடிவு வந்துச்சு, வேலைத் திறன்ல வித்தியாசம் இல்ல, வேலைய விட்டுப் போறவங்க மட்டும் மூணுல ஒரு பங்கு குறைஞ்சுட்டாங்க.

அந்த ப்ரமோஷன் விஷயம் எனக்கு உறுத்துது. கண்ணு முன்னாடி இருக்குறவங்க பேருதான் சம்பளம் ஏத்தும்போது முதல்ல ஞாபகம் வரும். அதனால நாங்க ஏத்துறதுக்கு உக்காரும்போது மேல சொன்ன மூணு நம்பரையும் பேர் இல்லாம முதல்ல வச்சுப் பாத்துட்டு அப்புறம்தான் பேர் பாக்குறோம். ஆபீஸ் வர்ற செவ்வாயும் வியாழனும் தனியா உக்காந்து என்ட்ரி போட இல்ல. அன்னைக்கு ரிவியூ, சந்தேகம் கேக்குறது, புது ஆளுக்கு சொல்லிக் குடுக்குறது. பஸ் ஏறி வந்து ஹெட்போன மாட்டிக்கிட்டு வீட்டுல செஞ்சதயே செய்யுறதுக்கு அவங்கள வரச் சொல்றது நியாயமில்ல.

நம்ம ஊருக்குன்னு சில ஏற்பாடு

மாசாந்திர மின்தடை அறிவிப்பு வந்த உடனே டீம் காலண்டர்ல போட்டுருங்க, அந்த சப்ஸ்டேஷன்ல யாரு வீடு வருதோ அவங்க அன்னைக்கு ஆபீஸ் வரட்டும், இல்ல நாள மாத்திக்கட்டும். லேப்டாப்ல பேட்டரி இருக்கும், மோடம்தான் செத்துப் போகும், அதனால மோடத்துக்கு மட்டும் போடுற சின்ன யூபிஎஸ் ஒன்னு ஆபீஸ் செலவுல வாங்கிக் குடுங்க.

பெரிய வீட்டுல இருந்து வேலை பாக்குறவங்களுக்கு இன்னொரு பிரச்சனை. மோடம் முகப்புல இருக்கும், வேலை பாக்குற பிள்ளை உக்காந்திருக்குறது வளவத் (உள்முற்றத்த) தாண்டி ரெண்டாங்கட்டுல, நடுவுல இருக்குற சுவரோட கனத்துக்கு வைஃபை போகவே போகாது. கால் கட்டாகுதுன்னு திட்டாம ஒரு லேன் கேபிள் இழுத்துக் குடுங்க. கானாடுகாத்தான்ல ஒருத்தங்களுக்கு அப்படித்தான் பண்ணோம், அதோட அவங்க காத்திருப்புக் கணக்கு ரொம்பக் குறைஞ்சிருச்சு.

பிள்ளையார்பட்டி சதுர்த்தி, கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா, தைப்பூசத்துக்கு பழனி பாதயாத்திரை, இதெல்லாம் வருஷ ஆரம்பத்துலயே கேட்டுக் காலண்டர்ல போட்டுருங்க. பாதயாத்திரை போறவங்க பல நாள் இருக்க மாட்டாங்க, ஜனவரியில முடியுற காலாண்டு வச்சிருக்குற கிளையன்ட் ஃபைல அதுக்கேத்த மாதிரி முன்னாடியே மாத்தி விடணும்.

ஆரம்பிக்கும்போது டீமுக்கு அனுப்ப

நாங்க அனுப்புனத அப்படியே தர்றேன், வேணுங்கிறத மாத்திக்கங்க:

"திங்கக்கிழமையில இருந்து எல்லாரும் நேரம் எழுதப் போறோம், நானும் எழுதுவேன், என்னோடத நீங்க எல்லாரும் பாக்கலாம். கிளையன்ட்டுக்கு சரியா பில் போடவும், யாருக்கு வேலை அதிகமா இருக்குன்னு பாக்கவும்தான் இது. ஸ்க்ரீன்ஷாட், கேமரா, கீபோர்ட் கணக்கு எதுவும் கிடையாது. காத்திருந்த நேரத்த காத்திருப்புன்னே எழுதுங்க. கணிச்சத விட கூட ஆனா கூட ஆச்சுன்னே எழுதுங்க. உங்க ஷீட்ட நீங்களும் நானும் ரிவியூ பண்றவங்களும் மட்டும் பாப்போம், குரூப்ல யாரோடதும் வராது."

இத அனுப்பிட்டு முதல் ரெண்டு வாரம் யாருகிட்டயும் ஒரு கேள்வியும் கேக்காதீங்க, எழுதியிருக்காங்களான்னு மட்டும் பாருங்க. மூணாவது திங்க காலைல இருபது நிமிஷம் உக்காந்து, காத்திருப்பும் திருத்தமும் எந்த கிளையன்ட் கிட்ட அதிகமா இருக்குன்னு பாத்து, அந்த கிளையன்ட்டுக்கு முதல் மெயில நீங்க எழுதுங்க.